தீக்குச்சிக் கோபுரம்

"மூத்தவுக போட்டோ இருந்தா காட்டுங்க."

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து திருச்சுழி வந்து இறங்கும்வரை, எதைக் கேட்கக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னாளோ, அதையே மாரிக்கனி கேட்டுவிட்டாள். அம்மா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா சங்கரபாண்டியன் விட்டத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளை காசிராஜனுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. முதல் மனைவி செத்து இரண்டு வருஷம் என்று தரகர் சொல்லியிருந்தார். மாரிக்கனியோ தெருவிலேயே முதல் பி.எஸ்ஸி., அதுவும் இருபத்தேழு வயது. இதை விட்டால் வேறு இடம் வராது என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். பெண்ணே வந்து வீடு பார்ப்பது ஊரில் இல்லாத வழக்கம். பார்த்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தாள்.

"போட்டோவெல்லாம் எடுத்ததில்ல தாயி," என்றாள் மாப்பிள்ளையின் தாய் முத்துலட்சுமி. "அவ ஞாபகமா இதுதான் இருக்கு."

மூலை மேசையில் ஒரு தீக்குச்சிக் கோபுரம். ஐந்து நிலை எழும்பி, ஆறாவது பாதியில் நின்றிருந்தது.

"முடிக்கிறதுக்குள்ள மகராசி போய்ச் சேந்துட்டா. அன்னைக்கிருந்து அதுமேல ஒரு கை படல. தூசி தட்டக்கூட நான் விடுறதில்ல."

சமையல்காரி காபி கொண்டுவந்தாள். முப்பது வயதிருக்கும். குனிந்த தலை நிமிரவில்லை.

"போன மாசந்தான் வேலைக்கு வந்துச்சு. வாயில்லாப் பூச்சி," என்றாள் முத்துலட்சுமி.

வாங்கிய டம்ளர் மாரிக்கனியின் விரலில் பிசுபிசுத்தது. சீனி சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கோபுரத்த எத வச்சு ஒட்டுனாக?"

"கம்மாக்கரைக் கருவேலம் பிசின்தான், வேற என்ன?"

"அது காயிதத்துக்குத்தான் சரி. குச்சிக்குப் போட்டா நம்ம ஊரு வெயிலுக்கு வெடிச்சு உதுந்துரும். மைதாப் பசைன்னா கரப்பான் தின்னுரும். வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டியிருக்கணும்."

"மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சுறதா? அந்த நாத்தத்த நடுவீட்டுக்குள்ள ஏத்தச் சொல்றியா?"

காசிராஜன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "காலேஜுல பசை காய்ச்சத்தான் சொல்லிக்குடுத்தாகளா? நல்லதாப் போச்சு. கடைக்கு வந்து பொட்டலம் ஒட்டலாம்."

அவன் சிரித்தான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அப்பாவின் சிரிப்புத்தான் மாரிக்கனிக்குச் சுட்டது. விருட்டென்று எழுந்து கோபுரத்திடம் போனாள்.

கீழ்நிலைகளில் பிசின் பழுத்து, கண்ணாடிபோல விரிசல் விட்டிருந்தது. மேல்நிலையைத் தொட்டாள். குச்சி அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இந்த வெயிலில் பிசின் அரைப் பகலில் கல்லாகிவிடும். இது இன்று காலை ஒட்டியது. டம்ளர் பிடித்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். துளிகூட இனிக்கவில்லை.

"இந்த வீட்டுல வேற யாருக்கு இந்த வேலை தெரியும்?"

"யாருக்குத் தெரியும்? அந்தக் கை அவளோட போச்சு," என்றாள் முத்துலட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

காசிராஜனின் சிரிப்பு நின்றிருந்தது. அவன் பார்த்த திசையில் மாரிக்கனியும் பார்த்தாள். அடுக்களை நிலைப்படியில் நின்ற சமையல்காரி, வலது கையை அவசரமாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உள்ள போடி!" என்று கத்தினான் காசிராஜன். அவள் நகரவில்லை.

மாரிக்கனி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற? வந்து உக்காரு!" அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"என் மானத்த வாங்காத கனி," என்று கெஞ்சினார் அப்பா. "இந்த எடமும் போச்சுன்னா அப்புறம் காலம்பூரா நீ தனியாத்தான் கெடக்கணும்."

"கெடக்குறேன்."

தெருவில் இறங்கியவள் ஒரு கணம் நின்று, திறந்திருந்த கதவு வழியே அடுக்களையைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, ஒங்க புருசன் எனக்கு வேணாம்."