மதியச் செய்தியில் வாசிக்காதது

விளம்பர இடைவேளையில் ஒரு கடிதத்தின் நகலைச் செய்தி வாசிக்கும் செண்பகவல்லியின் முன்னால் வைத்தார்கள்.

தென்காசிப் பக்கத்துச் சின்ன கேபிள் சேனல். மதியச் செய்தி பாதி முடிந்திருந்தது. வாக்குப்பதிவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

அவள் படித்தாள்.

வேட்பாளர் ஞானதுரை குவாரி முதலாளிகளுக்கு எழுதிய கடிதம். ஜெயித்து வந்தால் பொட்டல்மலையில் மிச்சமிருப்பதும் அவர்களுக்குத்தான் என்றது. அடியில் அவர் கையெழுத்து. பக்கத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து.

அவள் இன்னொரு முறை படித்தாள்.

அவளுடைய அப்பா அந்த மலையில் கல் உடைத்தவர். தூசியை இருமி இருமியே போனவர். முதலாளிகளோடு சேர்ந்து மலையைத் தின்பது ஞானதுரைதான் என்று ஊருக்கே தெரியும். காட்டுவதற்குத்தான் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் இருந்தது.

இப்போது இருக்கிறது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் செய்தி ஆசிரியர் இசக்கியப்பன் நின்றார். அவர் குரல் அவள் காதிலிருந்த இயர்போனில் வந்தது. பெரிய சேனல்களில் எல்லாம் போட்டாயிற்று, இதை முதலில் வாசி என்றார்.

அசல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

வாட்ஸ்அப்பில் வந்தது என்றார்.

ஞானதுரையிடம் யாராவது கேட்டார்களா என்றாள்.

நேரமாயிற்று, வாசி என்றார்.

இடைவேளை முடிந்து கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே வாசிப்புத் திரையில் ஞானதுரையின் பெயர் பெரிய எழுத்தில் ஏறி வந்தது. வாய் திறந்தால் போதும்.

அவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"வேட்பாளர் ஒருவர் எழுதியதாக ஒரு கடிதம் காலையிலிருந்து பரவி வருகிறது. அது உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் வாசிக்கவில்லை. அடுத்து, அணை நிலவரம்."

அணையில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று வாசித்தாள். குரல் பிசகவில்லை.

வெளியே வந்ததும் இசக்கியப்பன் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை. நாளையிலிருந்து வாசிக்க வேண்டாம், செய்தி சேகரிக்கப் போ என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"அப்பாவக் கொன்னவனக் காப்பாத்திட்டியேக்கா."

அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் ஏறி மலைக்குப் போனாள்.

அடுத்த சில நாள் அவள் மலையடியிலும் அலுவலகங்களிலும் அலைந்துகொண்டிருந்தபோதுதான் கடிதத்தின் கதை வெளியே வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர், கடிதத்தில் உள்ள தேதிக்கு முந்தைய வருஷமே இறந்துபோனவர். யாரோ உட்கார்ந்து தயாரித்த கடிதம். பெரிய சேனல்கள் ஒவ்வொன்றாக வருத்தம் தெரிவித்தன.

ஞானதுரை அதைப் பிடித்துக்கொண்டார். மேடைக்கு மேடை அந்த நகலை உயர்த்திக் காட்டினார். என்மேல் சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட பொய்தான் என்றார். கூட்டம் கை தட்டியது.

உண்மையைச் சொன்னது செண்பகவல்லி என்ற ஒரே ஒரு பெண்தான் என்றும் சொன்னார்.

தன் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டதும் அவள் டிவியை அணைத்தாள்.

இசக்கியப்பன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகம் வாடியிருந்தது. அன்று நீ மறுத்திராவிட்டால் நானும் போட்டிருப்பேன் என்றார். நாளை மதியச் செய்தியை நீயே வாசி என்றார்.

அவள் தலையசைத்தாள். அதற்குமுன் ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது என்றாள்.

யாரிடம் என்று அவர் கேட்பதற்குள் அவளுடைய போன் அடித்தது.

ஞானதுரைதான்.

நன்றி சொல்லத்தான் கூப்பிட்டாராம். பத்திரிகைக்காரர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். இனி அவளுக்கு என்ன வேண்டுமானாலும் கேட்கலாமாம். தங்கச்சி என்று அழைத்தார்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். பொட்டல்மலை குவாரிக்கு அனுமதி போன வருஷமே முடிஞ்சுபோச்சு. கனிமவளத் துறையில எழுத்துல வாங்கிட்டேன். ஆனா இப்பவும் வெடி போடுதாவ. நேத்து நானே நின்னு பாத்தேன், படமும் எடுத்தேன். கல்லு ஏத்திட்டுப் போற லாரியெல்லாம் உங்க பேர்லதான் இருக்கு, ஆர்டிஓ ஆபீஸ்ல விசாரிச்சாச்சு."

இசக்கியப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மறுமுனையில் தங்கச்சி என்ற சொல் மீண்டும் வரவில்லை. இதெல்லாம் தேர்தல் நேரத்தில் எதற்கு என்று மட்டும் கேட்டது அந்தக் குரல். யார் எழுதிக் கொடுத்தது என்றது.

"யாரும் எழுதித் தரல சார். நாளைக்கு மதியம் வாசிக்கப் போறேன். நீங்க என்ன சொல்லுதீங்களோ, அதையும் சேத்து வாசிக்கணும். சொல்லுங்க."

தூரத்தில் பிரச்சார வண்டி ஒன்று அவர் பெயரை முழங்கிக்கொண்டு போனது.

இசக்கியப்பன் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

அவள் பேனாவைத் திறந்து, காத்திருந்தாள்.