யாரையும் தள்ளாத குதிரை

குதிரையேற்றம் சொல்லித்தரும் அந்தப் பெண்ணுக்கு அவரை நினைத்தாலே சிரிப்பு வரும். ஞாயிறு தவறாமல் மனைவி, மகளோடு வந்துவிடுவார். மகள் மட்டக்குதிரையில் சவாரி போவாள். அவரோ லாயத்தில் நிற்கும் செம்பழுப்புக் குதிரைக்குக் கேரட் ஊட்டி, உடம்பைத் தேய்த்துவிட்டு, அதன் காதோரம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். ஏறச் சொன்னால் மட்டும் நழுவிவிடுவார்.

அன்று அவள் விடவில்லை.

"எத்தனை நாளைக்கு சார் பயப்படுவீங்க? இது ரேஸ்ல ஓடி ஓய்ஞ்ச குதிரை. பரம சாது. யாரையும் கீழ தள்ளாது."

பக்கத்தில் நின்ற மனைவி குலுங்கிச் சிரித்தாள்.

"என்னைத் தள்ளியிருக்கே மேடம்," என்றார் அவர். "ரேஸ்ல இதை ஓட்டினவன் நான்தான். கடைசி வளைவுல தூக்கி எறிஞ்சிடுச்சு. இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு. இனிமே குதிரை ஏறவே கூடாதுன்னுட்டாங்க."

அவள் குதிரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறமும் இதுக்குப் போய் கேரட் ஊட்டுறீங்களா? கோபம் வரலையா?"

"வராம இருக்குமா? ஆனா வீட்டுலயே கிடந்தப்பதான் என் பொண்ணுக்கு இடது கைப் பழக்கம்னே தெரிஞ்சுது. முன்னெல்லாம் அவ எழுந்திருக்கறதுக்குள்ள கிளம்பிடுவேன், தூங்கின பிறகுதான் வருவேன். இப்ப தினமும் நான்தான் அவளுக்குத் தலை பின்னி விடுறேன்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு. தேடி வந்து மன்னிச்சிருக்கீங்க."

"நான் எங்க தேடினேன்?" அவர் மனைவியைக் காட்டினார். "இதை யாருக்கு வித்தாங்கன்னு ஊரெல்லாம் விசாரிச்சுக் கண்டுபிடிச்சவ இவதான்."

மனைவி குதிரையின் பிடரியை மெல்லத் தடவினாள்.

"நான் வருஷக்கணக்கா கெஞ்சியும் வீடு தங்காத மனுஷன் மேடம். இதுக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?"