நூற்று மூன்று டிகிரி

மனச்சிதைவு வந்த நாளிலிருந்து, ஒன்பது வருடங்களாக, போன வருடம் காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர, ராஜமணி தன் மனைவி குணசீலியின் கையால் எதையும் சாப்பிட்டதில்லை. அவள் விஷம் வைத்துவிடுவாள் என்று நம்பினான். தானே உரிக்கும் வாழைப்பழமும் தானே உடைக்கும் அவித்த முட்டையும்தான் அவன் சாப்பாடு. நேற்று காய்ச்சல் கண்டது. தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியபோது அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"இப்பத்தான்," என்றாள்.

அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்தான். மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தான். போன வருடக் காய்ச்சலிலும் இப்படித்தான். சூடு இறங்கிய அன்றே தட்டைத் தள்ளிவிட்டான். "உடம்பு கிருமியோட சண்டை போடறப்ப சிலருக்குப் புத்தி தெளியும்மா. காய்ச்சல் விட்டா அதுவும் போயிடும்," என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

இன்று அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது. பற்கள் தந்தியடித்தன.

"தாங்க முடியல குணா. மாத்திரை இருந்தா குடு."

காய்ச்சல் மாத்திரையை விரலிடுக்கில் பிடித்தபடி அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அது என்ன மாத்திரை என்று அவன் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவளை நம்பி வாயைத் திறந்தான்.