மறுகரையில் இரண்டு பைகள்

ஓடைகளைக் கடக்கும்போது முதுகுப்பைகளை முதலில் வீசிவிடுவது தீபனுக்கும் ரோஸ்லினுக்கும் வழக்கம். ரோஸ்லின் இரண்டையும் மறுகரைக்கு எறிந்துவிட்டுப் பாறைகளில் தாவிப் போய்விட்டாள். தீபன் கெண்டைக்காலில் ஒட்டிய அட்டைமீது உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அது குடிச்சிட்டு தானா விழும். வாடா!"

"இருடி. உனக்கென்ன, அட்டைகூட உன்கிட்ட வர யோசிக்குது."

அவள் சிரித்தாள். காலையில் மலையுச்சியில் பெய்த பருவத்தின் முதல் மழை அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்தது. அவன் உப்புப் பொட்டலத்தை மடிப்பதற்குள் செந்நிறத் தண்ணீர் கிளைகளை உருட்டிக்கொண்டு வந்து பாறைகளை மூடிவிட்டது. இனி மழைக்காலம் முடியும்வரை இந்த ஓடை வழிவிடாது.

சேர்ந்து வாழ்வதா பிரிந்துவிடுவதா என்பதை இந்தக் காட்டைத் தாண்டியதும் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள். இப்போது ஏதோ கத்தினாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான்.

அவள் கத்துவதை நிறுத்தினாள். தன் பையை முதுகில் மாட்டினாள். அவனுடையதைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு அதைத் தூக்கி மார்பில் மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு, கரையோரமாகக் கீழ்நோக்கி நடந்தாள். இந்தப் பக்கம் அவனும் நடந்தான். போகப்போக ஓடை அகன்றுகொண்டே போனது.