இடுப்பு உயரத்தில் ஒரு நோட்டீஸ்

"என்ன மாஸ்டர், நோட்டீஸைக் கொண்டுபோய் இடுப்பு உயரத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க? குனிஞ்சு படிச்சதுல எனக்கு முதுகே பிடிச்சுக்கிச்சு!"

கீழ்வீட்டு நர்ஸ் சொன்னதும் கூட்ட அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"சின்னப் பசங்க கண்ணுல படணும்னுதாம்மா," என்றார் மாஸ்டர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அந்த அடுக்குமாடியில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். 'என் வண்டில ஒரு கீறல் காட்டுங்க, பார்ப்போம்' என்று சொல்லித்தான் முதல் பாடத்தையே தொடங்குவார். அப்படிப்பட்டவருடைய புது நீலக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி போன மாதம் உடைந்து தொங்கியது. ஸ்கேட்டிங் பலகையோடு கார் நிறுத்துமிடத்தில் சுற்றும் பிள்ளைகள் வேலை என்று அவர்களுக்காக ஸ்கேட்டிங் பார்க் கட்டவிருந்த நகராட்சிக்கு அன்றைக்கே புகார் எழுதிப் போட்டார். 'ஸ்கேட்டிங் பார்க் இங்கே வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் அடித்து, கார் நிற்கும் இடத்துத் தூணிலேயே ஒட்டினார்.

நகராட்சி இன்ஜினியர் மேஜைமேல் வரைபடத்தை விரித்தார். சின்ன வயதுப் பெண்.

"ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, உங்க கட்டடத்துக்குப் பின்னால இருக்கற காலி மனை. இன்னொண்ணு, லாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், குடோன் ஓரம். எங்களுக்கும் இங்கதான் வசதி. ஆனா எழுத்துல ஒரு புகார் வந்திருக்கு. அது இருக்கற வரைக்கும் இங்க கட்ட முடியாது. இன்னிக்கு முடிவு பண்ணியாகணும்."

"லாரி ரோட்டை எட்டு வயசுக் குட்டிங்க எப்படிக்கா தாண்டும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

தையல்காரர் மகள். பதினைந்து வயது. 'சக்கரம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பள்ளி விட்டு வந்து பலகையில் ஏறினால் இருட்டும்வரை இறங்கமாட்டாள். பொடிசுகளுக்கு அதன்மேல் விழாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பதும் அவள்தான்.

"கேமரால பார்த்தீங்களா, சார்?" என்று இன்ஜினியர் மாஸ்டரிடம் கேட்டார். "உடைச்சது யாருன்னு தெரிஞ்சா அந்த ஒருத்தரோட பேசி முடிச்சுக்கலாமே."

"அந்த மூலைல கேமரா கிடையாது. யாருன்னு இப்ப எதுக்கு? விடுங்க."

"அப்ப குடோன் ஓரம்னே எழுதிக்கட்டுமா?"

பேனா காகிதத்தைத் தொட்டது.

"நான்தான் உடைச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள். சக்கரம் எழுந்து நின்றிருந்தாள்.

"பலகை காலை விட்டு நழுவிப் போய் இடிச்சிடுச்சு. பயத்துல சொல்லல. வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல."

மாஸ்டரின் முகம் வெளுத்தது.

"நீயா? நீயா உடைச்ச? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான்தான், மாஸ்டர்."

"நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியேடி!" தையல்காரருக்குத் தலை நிமிரவில்லை. "மாஸ்டர், எனக்கு வண்டி கத்துக்கொடுத்தவர் நீங்க. இனிமே உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"விடுங்க... விடுங்க," என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்தபடி.

"அதெப்படி விடறது?" என்றாள் நர்ஸ். "பார்க் இங்கயே வரட்டும், மத்த புள்ளைங்க என்ன பண்ணுச்சு பாவம்! ஆனா இவ அதுக்குள்ள கால் வைக்கக் கூடாது. அப்பத்தான் புத்தி வரும்."

"அதான் சரி" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

சக்கரம் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"சரி. வைக்க மாட்டேன். ஆனா இங்கயே கட்டணும்."

இன்ஜினியர் ஒரு தாளை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார். "புகாரை வாபஸ் வாங்கறதா இருந்தா, இங்க ஒரு கையெழுத்து."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிரில் அவரிடம் வண்டி கற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்குப் பெரிய மனசு, மாஸ்டர்," என்றாள் நர்ஸ்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு. கூட்டம் கலைவதற்குள் வெளியே நழுவிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். அவருக்கு முன்பே சக்கரம் அங்கே இருந்தாள். தூணருகே குனிந்து, நோட்டீஸின் டேப்பை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"இனிமே இது தேவையில்லல்ல, மாஸ்டர்? நானே எடுத்துடறேன்."

"தொடாதே! நான் எடுத்துக்கறேன், விடு!" மாஸ்டர் ஓடினார்.

அதற்குள் காகிதம் அவள் கையோடு வந்துவிட்டது.

அது மறைத்திருந்த இடத்தில், சரியாகக் கார் கண்ணாடியின் உயரத்தில், சிமென்ட் பெயர்ந்து நீலப் பெயின்ட் ஒரு கோடாக அப்பியிருந்தது. கண்ணாடிச் சில்லு ஒன்றும் அதில் பதிந்திருந்தது.

சக்கரம் தூணையும் நீலக் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டீஸை அதே இடத்தில் வைத்து, நாலு மூலை டேப்பையும் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

"இருக்கட்டும், மாஸ்டர். இனிமே யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க."