பெயர், நட்சத்திரம்

மயூரநாதனின் கை தட்டை வாங்கிவிட்டது. வாய் கேட்டும்விட்டது.

“பேர், நட்சத்திரம்?”

எழுவைதீவு வாசிகசாலையில் மேசை போட்டு, வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டிரண்டு ஆடு கொடுப்பதற்காகப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். படிவத்தில் முதலாவது கேள்வி பெயர். இரண்டாவது அடையாள அட்டை இலக்கம். நட்சத்திரம் என்று ஒரு கேள்வி அதில் எந்த மூலையிலும் கிடையாது. ஆடு கொடுப்பது ஒரு கிறிஸ்தவ நிறுவனம்.

பதினேழு பேரை ஒழுங்காகத்தான் பதிந்தான். பதினெட்டாவதாக வந்த இராசாத்தி அக்காவால் வந்த வினை. வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவை வெறுங்கையோடு பார்ப்பது மரியாதையில்லை என்று, எவர்சில்வர் தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு வெற்றிலையும் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

நயினாதீவில் ஒரு கோயில் குருக்களின் மகனுக்கு முன்னால் அப்படித் தட்டை நீட்டலாமா? எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அப்பா குஞ்சிதபாதக் குருக்களுக்குப் பக்கத்தில் நின்று, ஆயிரக்கணக்கில் அர்ச்சனைத் தட்டு வாங்கியவன் அவன். தட்டு வந்தால் கேள்வி தானாக வரும். மூளைக்குச் செய்தி பிறகுதான் போகும்.

கழுத்தில் அந்தோனியார் சுரூபம் தொங்க, இராசாத்தி அக்கா கண் இமைக்காமல் பதில் சொன்னார்.

“இராசாத்தி. ரோகிணி.”

‘ரோகிணீ நக்ஷத்ரே’ என்று வாய் தொடங்கியேவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். உண்மையாகவே கடித்தான். வலித்தது.

மூன்று மாத உள்ளகப் பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் கம்பஸ் பட்டம் தராது. ஏழு அலுவலகம் ஏறி இறங்கியதில் இந்த ஒரு நிறுவனம்தான் வா என்றது. விண்ணப்பத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதினான். பொறுப்பாளர் சில்வெஸ்ரர் நேர்முகத்தில், என்ன மாதிரிச் சுயதொழில் என்று கேட்டார். பூ, பழம், தேங்காய் சம்பந்தப்பட்டது என்றான். அதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது.

பத்துக் கிழமையாகப் பூணூலைச் சட்டைக்குள் அமுக்கிக்கொண்டு, காலை ஜெபத்தில் எல்லோருக்கும் முதல் கண்ணை மூடி, எல்லோருக்கும் பிறகு திறந்திருக்கிறான். இன்னும் இரண்டே கிழமை. கைக்கெட்டிய சான்றிதழ் ஒரு சீப்பு வாழைப்பழத்தால் போகப்போகிறதே என்று அவனுக்கு அழுகை வந்தது.

வரிசை அதற்குள் உசாராகிவிட்டது. நட்சத்திரம் பார்த்துத்தான் ஆடு கொடுக்கிறார்களாம் என்ற கதை மேசையிலிருந்து புறப்பட்டு வாசலைத் தாண்டிவிட்டது. நட்சத்திரம் தெரியாதவர்கள் கேட்டுவர வீட்டுக்கு ஆளனுப்பினார்கள். ஒரு கிழவர், தன்னுடையது ஞாபகமில்லை, செத்துப்போன மனைவியின் நட்சத்திரம் போதுமா என்று கேட்டார். அடுத்ததாக நின்ற மீனவர் அன்ரன் மேசையில் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, ஆட்டின்ர நட்சத்திரமும் உம்மட்டை இருக்கோ? பொருத்தம் பாத்துத் தந்தால் நல்லது. எனக்கு முந்தி வாய்ச்சது ஒரு கிழமையில செத்துப்போச்சு.”

வெளிநாட்டு அம்மா சில்வெஸ்ரரின் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் ஏதோ விசாரித்தார். மயூரநாதன் தலையை நிமிர்த்தவில்லை. சில்வெஸ்ரர் லேசில் சிரிக்காத மனிதர். ஜெபத்தில் யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் கொடுத்தார். போரிலும் இடப்பெயர்விலும் இந்தச் சனத்தின் பிறப்புச் சான்றிதழ்கள் தொலைந்துவிட்டன, பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டு வயதைச் சரிபார்ப்பது எங்களுடைய புதிய முறை என்றார்.

அம்மா வாயைப் பிளந்தார். உள்ளூர் அறிவு என்றால் இதுதான் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எல்லாத் தீவுகளின் படிவத்திலும் இந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, ஆடுகளைப் படம் எடுக்க வெளியே போனார். வரிசையும் ஆட்டைப் பார்க்க அவருக்குப் பின்னால் போனது.

சில்வெஸ்ரர் வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். இனித்தான் தனக்குப் பூசை என்று நினைத்து மயூரநாதன் எழுந்து நின்றான்.

“பிரதர், பழக்கத்தில வந்திட்டுது...”

அவர் அவனைப் பார்க்கவில்லை. ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் மெதுவாக எழுதினார். டிலக்சனா. ஆயிலியம். எழுதிவிட்டு வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

“என்ர மகள். நாளையிண்டைக்கு இருதயத்தில ஒப்பரேசன். இதைக் கொண்டுபோய் அப்பாட்டைக் குடும்,” என்றார். “எங்களுக்குக் கோத்திரம் எண்டு ஒண்டும் இல்லை. அதில்லாமல் அர்ச்சனை செய்வாரோ?”

அப்பா யாரென்று இந்த மனிதருக்கு நேர்முக நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் மயூரநாதனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. மகளின் பெயரை அவர் உள்ளங்கையால் மறைத்து வைத்திருப்பதைக் கண்டபோது வெட்கம் போய்ப் பாவமாக இருந்தது. பத்துக் கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக, அப்பாவைப்போல நிதானமாகப் பேசினான்.

“சிவகோத்திரம் எண்டு போடுங்கோ, பிரதர். ஆருக்கும் சரிவரும்.”

சில்வெஸ்ரர் யோசித்தார். வெளியே அந்த அம்மா படம் எடுத்து முடித்துத் திரும்பி வரும் சத்தம் கேட்டது.

அவர் அவசரமாகப் பேனாவின் மூடியைத் திரும்பவும் கழற்றி, அதையும் எழுதினார்.