எட்டு நிமிஷம் மூத்தவள்

"கிரீம் போட்டது யாரு, போடாதது யாருன்னு பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும்" என்றார் விளம்பர மேனேஜர், இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே.

வெள்ளைத் திரைக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒரே கருவில் உண்டான இரட்டையர். வயது முப்பத்தெட்டு. எட்டு நிமிஷம் முந்தியவள் அக்கா, பிந்தியவள் தங்கை. அதே மூக்கு, அதே நெற்றி, மோவாயில் அதே பள்ளம்.

ஆனால் தங்கை முகம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கா முகத்தில் கறுப்புத் திட்டும், கண்ணோரச் சுருக்கமும். பத்து வயசு கூடவே சொல்லலாம்.

மேனேஜருக்குத் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. போன விளம்பரத்தில் நடித்த பெண் அந்தக் கிரீமைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது வெளியே தெரிந்து, கம்பெனி மானம் கப்பலேறியிருந்தது.

முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை நிஜமாவே நம்ம கிரீமைப் போடறவங்களாப் பிடிச்சுட்டு வாங்க. உறுதிமொழியில அவங்க கையெழுத்து வேணும். இல்லேன்னா உங்க கையெழுத்து வேணும், ராஜினாமாவுல."

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கையின் கடிதம் வந்தது. 'பன்னிரண்டு வருஷமாக மாசம் தவறாமல் உங்கள் கிரீமை வாங்குகிறேன். நானும் அக்காவும் இரட்டையர்.' கூடவே ஒரு போட்டோ. போட்டோவைப் பார்த்ததும் மனுஷனுக்கு மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பேரையும் வரவழைத்துவிட்டார்.

தங்கைக்கு மெத்தை வைத்த நாற்காலி. அக்காவுக்கு ஸ்டூல்.

"மேடம், ஜூஸ் சொல்லட்டுமா?" இது தங்கையிடம்.

"ஏம்மா, வெளிச்சத்துக்கு நேரா முகத்தைக் காட்டு. திட்டு பளிச்சுன்னு தெரியணும்." இது அக்காவிடம்.

தங்கைக்குச் சுருக்கென்றது. அக்கா ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

மேக்கப் போடும் அம்மா குனிந்து பார்த்தாள். "இந்த இடது கன்னம் மட்டும் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"பஸ் ஸ்டாண்டு வாசல்ல பழ வண்டி போட்டிருக்கேங்க. மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும். இருபத்துநாலு வருஷமாச்சு, வண்டிய இப்படித்தான் நிறுத்த முடியும்."

"தங்கச்சி?"

"அவ ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்கறா. எந்நேரமும் ஏசிதான்."

"அதானே பார்த்தேன். பொறக்கும்போது ஆண்டவன் ஒரே முகத்தைத்தான் ரெண்டு பேருக்கும் குடுக்கறான். அப்புறம் வெயில், தூக்கம், கவலைன்னு ஒவ்வொண்ணா வந்து..."

மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். "உங்க வேலையைப் பாருங்கம்மா. வெயிலையும் தூக்கத்தையும் டப்பாவுல அடைச்சா விக்க முடியும்? வித்தியாசம் கிரீம். கிரீம் மட்டும்தான். கேமரா ரெடியா?"

இரண்டு பேரையும் வாய் திறக்க விடாமல் அரை நாள் படம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்ததும் மேனேஜர் உறுதிமொழித் தாளைத் தங்கையிடம் பவ்வியமாக நீட்டினார். 'இந்தக் கிரீமை நான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

தங்கை படித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தாள்.

"மேடம், நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"நான் எப்படி சார் போடறது? நான் ஒரு நாளும் கிரீம் தொட்டதில்ல. முதல் சம்பளத்துல அக்காவுக்குன்னு வாங்கினேன். அன்னையிலேருந்து மாசாமாசம் அவளுக்குத்தான் வாங்கறேன்."

அக்கா கூச்சத்தோடு சிரித்தாள். "ஆசையா வாங்கிட்டு வர்றா. வேணாம்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. தினம் ரெண்டு வேளை போடறேங்க. ஒரு நாள் தவறினதில்ல."

மேனேஜர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் கிரீம் போட்ட முகம் ஸ்டூலில் இருக்கிறது. போடாத முகம் மெத்தையில் இருக்கிறது. கேமராமேன் திடீரென்று இருமல் வந்தவன்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனால் மனுஷன் சும்மா மேனேஜர் ஆகிவிடவில்லை. ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"இரட்டையர்னு யாருய்யா கேட்டா? அம்மா, மகள்னு போட்டுடுவோம். பன்னிரண்டு வருஷமா நம்ம கிரீம் போடற அம்மா, பெத்த பொண்ணுக்கு அக்கா மாதிரி இருக்காங்க. உறுதிமொழியும் நிஜம், ஆளும் நிஜம். மேடம், நீங்க இப்படி மெத்தைக்கு வாங்க." இந்த மேடம் அக்காவுக்கு. "நீ கொஞ்சம் எழுந்திரும்மா." இது தங்கைக்கு.

தங்கை எழுந்தாள். சண்டைக்குத்தான் வரப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"தாராளமாப் போட்டுக்கங்க சார்" என்றாள். "எங்களுக்குப் பதினாலு வயசுல அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. ரெண்டு பேரும் படிக்க வழியில்ல. 'நான் எட்டு நிமிஷம் பெரியவ, நீ படி'ன்னு சொல்லிட்டு இவ பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அம்மாவோட வண்டியத் தள்ளினா. அந்த வெயில்ல நின்னுதான் என்னை ஆளாக்கினா. எனக்கு அம்மான்னா இவதான். உங்க விளம்பரத்துல இது ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்."

"சும்மா இருடி" என்று அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜரும் கண்ணாடியைக் கழற்றினார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"இதை ஒரு வார்த்தை மாத்தாம கேமரா முன்னாடி சொல்லிடுங்க" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குரலைத் தணித்துச் சேர்த்துக்கொண்டார்:

"அந்த வெயிலை மட்டும் விட்டுடுங்க. அதுக்கு நம்மகிட்ட இன்னும் கிரீம் வரலை."